சுரியில் நடக்கும் இரும்புப் பூதம்: கற்பனைப் போர் வாகனங்களும் நிஜப் பொறியியலும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்தில் அறிவியல் புனைகதை எழுதுகிறவர்கள், சித்திரக்கதை வரைகிறவர்கள், கணினி விளையாட்டுச் செய்கிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. பதில்களுக்கு சாதாரண தரக் கணிதமும் ஒரு கல்குலேட்டரும் போதும்.

கதையில் வரும் வாகனத்துக்கு உண்மைக் கணக்கு எதற்கு?

வேளாண்மை வெட்டும் மெசின் வட்டைக்குள் புதைந்து, இன்னொரு மெசின் வந்து கம்பி போட்டு இழுத்ததைப் பார்த்தவர் இங்கே வீட்டுக்கு ஒருவர் இருப்பார். அவரிடம் 200 தொன் இயந்திரம் முன்மாரி வயலுக்குள் ஓடியது என்று எழுதினால், அடுத்த பக்கத்தைத் திருப்ப மாட்டார். லேசர் கதிரை அவர் மன்னித்துவிடுவார். சுரியை மன்னிக்க மாட்டார்.

நான் வரைந்த வாகனத்தின் எடையை எப்படி மதிப்பிடுவது?

வாகனம் முழுவதும் அடங்கும்படி ஒரு பெட்டி வரையுங்கள். பீரங்கிக் குழாய் வெளியே நீட்டிக்கொண்டிருக்கட்டும், அதைச் சேர்க்க வேண்டாம். நீளம், அகலம், உயரத்தைப் பெருக்கினால் கன மீற்றரில் பெட்டியின் கனவளவு வரும்.

இனி இரண்டு நிஜ வாகனங்களோடு ஒப்பிடலாம். அமெரிக்காவின் எம்113 துருப்புக்காவி மெல்லிய அலுமினியக் கவசம் போட்டது, சுமார் 12 தொன். அதன் பெட்டி 33 கன மீற்றர் அளவில் வரும். கன மீற்றருக்கு 0.4 தொன்னுக்கும் குறைவு என்பதால் அது தண்ணீரில் மிதக்கும். 60 தொன் வகுப்பு ஏப்ரம்ஸ் டாங்கியின் பெட்டி ஏறத்தாழ 69 கன மீற்றர். அங்கே கன மீற்றருக்கு 0.9 தொன்னுக்குக் கிட்ட வருகிறது. கவசம் மெல்லியதென்றால் 0.4 ஆலும், தடித்ததென்றால் 0.9 ஆலும் பெருக்குங்கள்.

12 மீற்றர் நீளம், 6 மீற்றர் அகலம், 8 மீற்றர் உயரத்தில் நான்கு கால் பூதம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். எங்களிடம் வரும் படங்களில் பாதி இந்த அளவுதான். பெட்டி 576 கன மீற்றர். கால்களுக்கு இடையில் வெறும் காற்று என்பதால் 0.4 என்றே வைத்தாலும் 230 தொன். இரண்டாம் உலகப் போரில் ஜேர்மனி செய்த மவுஸ் டாங்கியே 188 தொன்தான். அதிலும் முடித்தவை இரண்டே இரண்டு மாதிரிகள். இந்த 230 தொன் பூதத்தையே கீழே உள்ள கணக்குகளிலும் வைத்துக்கொள்கிறோம்.

அது வயலில் நடக்குமா?

எடையை நிலம் தொடும் பரப்பால் வகுத்தால் நில அமுக்கம் வரும்.

வேளாண்மை வெட்டும் மெசினில் இருந்து தொடங்குவோம். 3 தொன் எடை, 45 செ.மீ அகல ரப்பர் பட்டி இரண்டு, ஒவ்வொன்றும் நிலத்தைத் தொடும் நீளம் 1.6 மீற்றர் என்று வைத்தால் சதுர சென்ரிமீற்றருக்கு 0.2 கிலோதான். 60 கிலோ எடையுள்ள ஒருவர் நடக்கும்போது ஒரு பாதத்தின் 200 சதுர செ.மீ பரப்பில் நிற்கிறார், அது 0.3 கிலோ. வயலுக்குள் நடந்து போகிறவரை விட மெசின் மெதுவாகத்தான் மிதிக்கிறது. 60 தொன் டாங்கிக்கு, 63 செ.மீ அகலமும் நிலத்தில் 4.6 மீற்றர் நீளமும் உள்ள இரண்டு பட்டிகளுக்குக் கணக்குப் பார்த்தால் 1 கிலோ.

இப்போது பூதம். பாதம் ஒன்று ஒரு மீற்றர் சதுரம். நான்கு காலிலும் நின்றால் 5.75 கிலோ. நடக்கும்போது ஒரு கால் தூக்கினால் மூன்றில் நிற்கிறது, 7.7 கிலோ. ஓட்டத்தில் இரண்டு காலில் மட்டும் நிற்கும் கணத்தில் 11.5 கிலோ. தண்ணீர் ஊறிய மென்களி 0.5 கிலோவைத் தாங்கினாலே பெரிய காரியம்.

எவ்வளவு ஆழம் போகும் என்பது அடியில் இருப்பதைப் பொறுத்தது. உழுத வயலில் மேலே ஒரு முழத்துக்குள் சேறு. அதற்குக் கீழே, வருடக்கணக்கில் கலப்பையும் சில்லும் அமுக்கி இறுகிப்போன ஒரு தட்டு உண்டு. வயலில் இறங்கினால் காலுக்குத் தட்டுப்படும் கெட்டி அதுதான், தண்ணீரைத் தேக்கி வைப்பதும் அதுதான். பூதம் அந்தத் தட்டை உடைத்துக்கொண்டு போய்விடும். வயல் பக்கத்துக் கதைக்கு இது நல்ல சரக்கு: சண்டை முடிந்து வாகனம் போன பிறகும், அடுத்த போகத்துக்கு அந்தக் கண்டத்தில் தண்ணீர் நிற்காது.

காலை இறக்குவதை விட எடுப்பது கஷ்டம். தட்டையான பாதம் சேற்றில் பதிந்து மேலே வரும்போது அடியில் வெற்றிடம் உண்டாகி உறிஞ்சிப் பிடிக்கும். செருப்போடு சுரியில் இறங்கினால் செருப்பு உள்ளே தங்கிவிடுவது இதனால்தான். எருமையின் குளம்பைப் பாருங்கள். இரண்டாகப் பிளந்திருக்கிறது. மிதிக்கும்போது பிளவு விரிந்து பரப்புக் கூடுகிறது, இழுக்கும்போது ஒடுங்கி வழுக்கிக்கொண்டு வெளியே வருகிறது, பிளவின் வழியாகக் காற்றும் உள்ளே போகிறது. உங்கள் இயந்திரத்துக்கும் விரிந்து ஒடுங்கும் பாதம் வையுங்கள். அல்லது பாதத்தின் அடிக்குக் காற்றைத் தள்ளும் குழாய் ஒன்று வையுங்கள். படத்திலும் அது எடுப்பாகத் தெரியும்.

எடையைக் குறைக்க மனமில்லையென்றால் கால்களைக் கூட்டுங்கள். ஆறு கால் இருந்தால் எப்போதும் மூன்று நிலத்தில் முக்கோணமாக நிற்கும், விழாது. ஆனால் 230 தொன்னை 0.5 கிலோ அமுக்கத்துக்குக் கொண்டுவர, நிலத்தில் எந்த நேரமும் 46 சதுர மீற்றர் பாதம் வேண்டும். வாகனத்தின் அகலமே 6 மீற்றர்தான். மூன்று பாதம், ஒவ்வொன்றும் ஏறத்தாழ நான்கு மீற்றர் சதுரம். எடையைக் குறையுங்கள் என்று நாங்கள் சொல்லிக்கொண்டே இருப்பது இதனால்தான்.

நிஜத்தில் நடந்த இயந்திரம் எதுவும் இல்லையா?

இருக்கின்றன. 1960களில் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனம் அமெரிக்க இராணுவத்துக்காக நான்கு கால் ‘நடக்கும் லொறி’ ஒன்று செய்தது. எடை சுமார் 1.4 தொன், ஐதரோலிக்கில் இயங்கியது. ஓட்டுபவரின் இரண்டு கையும் இரண்டு காலும் ஆளுக்கொரு இயந்திரக் காலை ஆட்ட வேண்டும். நடந்தது, தடைகளில் ஏறியது, ஆனால் ஓட்டுபவர் சில நிமிடங்களிலேயே களைத்துப்போனார். நான்கு காலையும் ஒரே நேரத்தில் நினைத்துக்கொண்டிருக்க மனித மூளை பழகவில்லை. இன்றைக்குக் கணினி அந்த வேலையைச் செய்யும். பொஸ்டன் டைனமிக்ஸ் செய்த சுமை தூக்கும் நான்கு கால் இயந்திரம் காட்டில் நன்றாகவே நடந்தது. 2015இல் அமெரிக்க மரைன் படை அதை வேண்டாம் என்றதற்குக் காரணம் அதன் எஞ்சின் சத்தம்.

பெரிய அளவில் நடந்தவை சுரங்க இயந்திரங்கள்தான். ஒஹாயோவில் 1969 முதல் 1991 வரை நிலக்கரிக்கு மேலிருந்த மண்ணைத் தோண்டிய ‘பிக் மஸ்கி’ 12,000 தொன் அளவு. வேலை செய்யும்போது அதன் உடல் அகன்ற அடித்தட்டில் நிலத்தில் குந்தியிருக்கும். நகர வேண்டுமென்றால் பக்கங்களில் உள்ள பெரிய சப்பாத்துகள் ஊன்றி, உடலைக் கொஞ்சம் தூக்கி, முன்னே வைத்து, மறுபடி குந்தும். வேகத்தில் ஆமை முந்திவிடும். பெரிய இயந்திரம் நடப்பதாக எழுத விரும்பினால் இதைத்தான் மாதிரியாகக் கொள்ளச் சொல்வோம். யாரும் எழுதாத விதமாகவும் இருக்கும்.

வாவியில் பிடிக்கும் நண்டைப் பத்து மடங்கு பெரிதாக்கினால்?

தன் காலிலேயே நிற்காது. நீளம் 10 மடங்கானால் காலின் குறுக்குவெட்டு 100 மடங்காகும், எடை 1,000 மடங்காகும். கலிலியோ 1638இலேயே எழுதிவைத்த கணக்கு. காலை 10 மடங்கை விட நன்றாகத் தடிப்பாக்க வேண்டும். அப்போது அது நண்டு மாதிரி இருக்காது, யானை மாதிரி இருக்கும்.

மட்டக்களப்பு வாவியைக் கடக்க நீர்நில வாகனம் எப்படி இருக்க வேண்டும்?

வாவி 56 கிலோமீற்றர் அளவு நீளம், பல இடங்களில் ஆழம் குறைவு. படுவான்கரைக்கும் எழுவான்கரைக்கும் இடையில் வைத்து எழுதுகிறவர்கள் மிதப்பதைப் பற்றி மட்டும் யோசிக்கிறார்கள். சிக்கல் வருவது இறங்கும் இடத்திலும் ஏறும் இடத்திலும்தான்.

மிதப்புக் கணக்கு எளிது. 12 தொன் வாகனம் 12 கன மீற்றர் தண்ணீரைத் தள்ள வேண்டும். அடிப்பரப்பு 13 சதுர மீற்றர் என்றால் 90 செ.மீக்கு மேல் தாழும். கடல் நீரில் மேலுதைப்பு 2.5 சதவீதம் கூட, அதாவது 300 கிலோ. மாரியில் வாவி நன்னீராகிவிடும், அந்த 300 கிலோ ஆதரவு போய்விடும். கோடையில் சவர் நீரில் சரியாக மிதந்த வாகனம், மார்கழியில் அதே சுமையோடு இரண்டு விரல் தாழ்ந்து மிதக்கும்.

கரையேறும்போது பட்டியின் முன்பகுதி சேற்றைப் பிடிக்கும், பின்பகுதி இன்னும் மிதந்துகொண்டிருக்கும். எடையில் பாதி தண்ணீர் தாங்குவதால் பட்டிக்குப் பிடிமானம் இல்லை. அது சுழன்று குழி தோண்டும். வாகனம் மூக்கைத் தூக்கி, பின்பக்கம் தாழ்ந்து, எஞ்சின் மூடியால் தண்ணீர் உள்ளே போகும். ஓட்டத் தெரிந்தவர் கரைக்கு நேர்க்குத்தாக வருவார், வேகத்தைக் கூட்டாமல் சீராக ஏறுவார். ஆற்றுவாழை இன்னொரு தொல்லை. குளிரூட்டும் தண்ணீர் எடுக்கும் வலையை அது அடைத்துவிட்டால் எஞ்சின் சூடேறி நின்றுவிடும்.

நிஜ மாதிரிகள் இரண்டு. புளோரிடாவின் சதுப்பில் புயலில் சிக்கியவர்களை மீட்க டொனால்ட் ரோப்லிங் 1930களில் ஒரு பட்டி வாகனம் செய்தார். பட்டியில் உள்ள வளைந்த தகடுகளே தண்ணீரில் துடுப்பாகவும் வேலை செய்யும். அமெரிக்க மரைன் படையின் எல்.வி.டி வாகனங்கள் அதிலிருந்து வந்தவை. 2011 ஜனவரி வெள்ளத்தைப் பார்த்த ஊருக்கு அந்த மீட்பு வாகனம் போர் வாகனத்தை விடப் பொருத்தம் என்பது எங்கள் எண்ணம். இரண்டாவது, 1942இல் வந்த ‘டக்’ எனப்படும் மிதக்கும் லொறி. ஓட்டுபவர் இருந்த இடத்திலேயே டயர்க் காற்றைக் குறைக்கவும் கூட்டவும் முடிந்தது. கடற்கரை மணலில் காற்றைக் குறைத்தால் டயர் பரந்து பதியும். தார் வீதிக்கு வந்ததும் திரும்ப ஏற்ற வேண்டும், இல்லையென்றால் டயர் சூடாகிக் கிழியும்.

அலை விஷயத்தில் ஏமாறாதீர்கள். 1944 ஜூன் 6இல் நோர்மண்டியின் ஒமாஹா கரையில் ஒரு பட்டாலியன் கன்வஸ் துணித் திரை கட்டி மிதக்கவிட்ட ஷேர்மன் டாங்கிகள் 29இல் 27 மூழ்கின. அந்தத் திரை ஓர் அடி அலைக்காகச் செய்தது, அன்றைக்குக் கடலில் ஆறு அடி வரை எழுந்தது. இதே வாகனம் பாசிக்குடாவில் கரை சேரலாம். அறுகம்பையில் சேராது. பாலமீன்மடு முகத்துவாரத்தில் மணல் திட்டின் மேல் அலை உடையும் இடத்தில் நிச்சயம் சேராது.

அடியில் காற்றை ஊதி அதன் மேல் மிதந்து போகும் ஹோவர்கிராஃப்ட் வாவிக்குப் பொருந்தும். சேறு, தண்ணீர், ஆற்றுவாழை எல்லாவற்றின் மேலும் போகும். அமெரிக்கர்கள் வியட்நாமின் மேகொங் கழிமுகத்தில் ஓட்டினார்கள். ஆனால் காற்றில் பக்கவாட்டாக இழுபடும், அந்தக் காற்றைச் சுற்றிப் பிடித்திருக்கும் ‘பாவாடை’ முள்ளில் கிழியும், சத்தம் ஊரையே எழுப்பும். இரகசியத் தாக்குதல் காட்சிக்கு வைக்காதீர்கள்.

பாலத்தால் போகலாமே?

சாதாரணக் கவச வாகனம் போகலாம். 230 தொன் போகாது. 1924இல் கட்டிய பழைய கல்லடி இரும்புப் பாலத்தை விடுங்கள், 2013இல் திறந்த புதிய பாலமும் அந்த எடைக்காகக் கட்டியதில்லை. மவுஸ் டாங்கியைச் செய்தவர்களுக்கும் இதே பிரச்சினை. அவர்கள் யோசித்த வழி, ஆற்றின் அடியால் போவது: மேலே காற்றுக்கு ஒரு குழாய், கரையில் நிற்கும் இன்னொரு மவுஸில் இருந்து கேபிள் வழியாக மின்சாரம். கதைக்கு அருமையான காட்சி. வாவியின் அடிச்சேறு மட்டும் ஒத்துழைக்காது.

மின்காந்தப் பீரங்கிக்கு எவ்வளவு மின்சாரம் வேண்டும்?

பலரும் எதிர்பார்ப்பதை விடக் குறைவு. 2008இல் அமெரிக்கக் கடற்படை டால்கிரன் சோதனைக்களத்தில் 10 மெகாயூலுக்குச் சற்று மேலான சக்தியோடு, வினாடிக்கு 2,500 மீற்றர் வேகத்தில் ஒரு குண்டைச் சுட்டது. 10 மெகாயூல் என்றால் மின்கட்டணப் பட்டியலில் மூன்று அலகு கூட இல்லை.

சிக்கல் நேரத்தில் இருக்கிறது. 10 மீற்றர் குழாய்க்குள் பூச்சியத்தில் இருந்து 2,500க்கு வேகம் ஏறினால் சராசரி 1,250. குண்டு உள்ளே இருப்பது 8 மில்லிவினாடி. 10 மெகாயூலை அந்த நேரத்தால் வகுத்தால் 1,250 மெகாவாட். நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் மூன்று மின்பிறப்பாக்கிகளும் முழுமூச்சில் ஓடினால் கூட 900 மெகாவாட்தான். ஆகவே மின்சாரத்தைக் கொள்ளளவிகளில் மெல்லச் சேர்த்து, ஒரேயடியாகக் கொட்ட வேண்டும். வினைத்திறன் மூன்றில் ஒன்று என்று வைத்து, 500 கிலோவாட் ஜெனரேட்டரால் 30 மெகாயூல் ஏற்ற ஒரு நிமிடம் பிடிக்கும். அந்த ஒரு நிமிடக் காத்திருப்பில்தான் உங்கள் காட்சியின் பதற்றம் இருக்கிறது. படபடவென்று சுடவைத்து அதைக் கெடுக்காதீர்கள்.

மற்றது தேய்மானம். குண்டுக்கு இரண்டு பக்கமும் உள்ள தண்டவாளங்களில் இலட்சக்கணக்கான அம்பியர் பாயும். அவை ஒன்றையொன்று தள்ளும், உரசும், தீப்பொறி மேற்பரப்பை உருக்கும். 2010இல் 33 மெகாயூல் வரை எட்டிய அந்தத் திட்டம் 2021இல் நிறுத்தப்பட்டது.

லேசர்?

2014இல் பொன்ஸ் என்ற அமெரிக்கக் கப்பலில் 30 கிலோவாட் லேசர் ஒன்று வைத்தார்கள். அது ஐந்து வினாடி அடித்தால் 150 கிலோயூல். அரை லீற்றர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரும் சூடு, மூன்று பேருக்குத் தேத்தண்ணி. அவ்வளவையும் ஒரு நாணயத்தின் அளவு இடத்தில் குவிப்பதால்தான் சிறிய ட்ரோனின் தோல் எரிகிறது. இலக்கு ஆடக் கூடாது, கதிர் அதே புள்ளியிலேயே நிற்க வேண்டும்.

எங்கள் காற்று இதற்கு எதிரி. உப்புத் துளி, ஈரப்பதம், மாரி மழை எல்லாம் கதிரைச் சிதறடிக்கும். கதிர் காற்றைச் சூடாக்க, அந்தச் சூடான காற்றே வில்லைபோல் கதிரை விரிக்கும். பக்கத்தில் நிற்பவருக்குப் பச்சைக் கோடாகத் தெரியாது. சத்தமும் வராது. கண்ணை நிரந்தரமாகக் குருடாக்குவதற்கென்றே செய்யும் லேசரை 1995இன் சர்வதேச நெறிமுறை தடை செய்கிறது. கதையில் வில்லன் அதைப் பாவித்தால் குற்றம் என்றே எழுதலாம்.

பிக்கப்பின் பின்பெட்டியில் டாங்கிப் பீரங்கியைப் பொருத்தினால்?

8 கிலோ குண்டு, வினாடிக்கு 1,700 மீற்றர். உந்தம் 13,600. 60 தொன் டாங்கியில் இதை வகுத்தால் பின்னுதைப்பு வேகம் வினாடிக்கு 0.23 மீற்றர், ஒரு குலுக்கல். 1.5 தொன் பிக்கப்பில் 9 மீற்றர், அதாவது மணிக்கு 33 கிலோமீற்றர் வேகத்தில் வாகனம் பின்னால் பாயும். வாயுவின் உந்தம் இதற்கு மேலே. பீரங்கி கூரை உயரத்தில் இருப்பதால் பாய்வதற்கு முன் குடைசாயும். சிறிய வாகனங்களில் பின்பக்கம் வாயுவைக் கக்கும் பின்னுதைப்பற்ற பீரங்கி வைப்பது இதனால்தான். அதைச் சுடும்போது பின்னால் ஆளும் இருக்கக் கூடாது, சுவரும் இருக்கக் கூடாது. படம் வரைகிறவர்கள் அதிகம் பிழைவிடும் இடம் இது.

பலம் கூட்டும் கவச உடை?

1960களில் செய்த ‘ஹார்டிமன்’ என்ற இயந்திர உடை 680 கிலோ எடை. ஒரு கை மட்டும்தான் ஒழுங்காக வேலை செய்தது. இன்றைய பற்றரியில் கிலோவுக்கு 200 வாட்-மணி கிடைத்தால், ஒரு கிலோவாட் உடைக்கு நான்கு மணித்தியாலத்துக்கு 20 கிலோ பற்றரி. அது தாங்கும். தாங்காதது வெயில். பாரம் தூக்கும் உடல் 500 வாட் அளவு சூட்டை வெளிவிடுகிறது. மூடிய கவசத்துக்குள் வியர்வை காயாது. சித்திரை மாதத்து மட்டக்களப்பில் குளிர்நீர் ஓடும் உள்ளுடை இல்லாமல் உங்கள் வீரர் ஒரு மணித்தியாலம் நிற்க மாட்டார்.

பூதத்தை ஆகாயக் கப்பலில் தூக்கிவரலாமா?

ஒரு கன மீற்றர் ஹீலியம் ஏறத்தாழ ஒரு கிலோவைத் தூக்கும். 230 தொன்னுக்கு 2,30,000 கன மீற்றர், கப்பலின் சொந்த எடை வேறு. 1930களில் வயிற்றுக்குள் சிறு விமானங்களைச் சுமந்த அமெரிக்காவின் ‘அக்ரன்’ 239 மீற்றர் நீளம், கொள்ளளவு 1,84,000. அதுவும் 1933இல் புயலில் விழுந்தது. வாடைக்காற்றில் வேண்டாம்.

நிலத்துக்கு அடியால் துளைத்துப் போகும் வாகனம்?

துளைக்கும் இயந்திரம் உமா ஓயாத் திட்டத்தில் இலங்கையிலேயே வேலை செய்தது. சுரங்கத்துக்குள் தண்ணீர் பீறிட்டு, பண்டாரவளைப் பக்கம் கிணறுகள் வற்றின. அது மலைப்பாறை. காத்தான்குடியிலோ கல்முனையிலோ மணலை ஆள் உயரம் தோண்டினாலே தண்ணீர் வந்துவிடும்.

எரிபொருளை யாரும் கேட்பதில்லையே?

கேட்க வேண்டும். 60 தொன் ஏப்ரம்ஸில் 1,500 குதிரைவலு, தொன்னுக்கு 25. அதே விகிதத்தில் 230 தொன் பூதத்துக்கு 5,750 குதிரைவலு, அதாவது 4,300 கிலோவாட். நல்ல டீசல் எஞ்சின் கிலோவாட்-மணிக்கு 200 கிராம் எரிக்கும். முழு வலுவில் மணித்தியாலத்துக்கு 860 கிலோ, கிட்டத்தட்ட 1,000 லீற்றர். 13,200 லீற்றர் பவுசர் ஒன்று பதின்மூன்று மணித்தியாலத்துக்கு. அந்த பவுசரும் மாரியில் கிறவல் வீதியால்தான் வர வேண்டும். அதன் டயருக்கு எருமைக் குளம்பு இல்லை.